மூடி போட்ட வீடு

சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில் நாங்கள் வாங்கிய வீட்டின் முன்னால் ஒரு செம்மண் திட்டு கிடந்தது. காரை நிறுத்துவதற்காக அதில் கல் பதிக்கச் சொல்லி மேஸ்திரியிடம் பேசி முடித்திருந்தேன். வேலை தொடங்குவதற்கு முந்தின சாயங்காலம், செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த என் மனைவி, தரையில் ஒரு மூடி திறந்து மூடியதாகச் சொன்னாள். நான் நம்பவில்லை. கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள்.

மண்ணோடு மண்ணாக, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம். அது மெல்ல உயர்ந்தது. இரண்டு கருங்கால்கள் எட்டிப் பார்த்தன. நான் குனிந்ததும் பட்டென்று சாத்திக்கொண்டது.

கரப்பான் பூச்சியைக் கண்டாலே நாற்காலியில் ஏறிவிடுகிறவள் என் மனைவி. அவள்தான் அதைப் படமெடுத்து, செங்கல்பட்டில் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் தன் தோழிக்கு அனுப்பினாள். மறுநாள் காலை மேஸ்திரிக்கு முன்பே தோழி வந்துவிட்டாள். புடவையோடு மண்ணில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். இது வளைக்குக் கதவு கட்டி வாழும் சிலந்தி, இந்த வகையை நம் பக்கத்துச் செம்மண்ணில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள், அதுவும் எப்போதாவதுதான் என்றாள். எழுந்தபோது மூக்கெல்லாம் மண், முகமெல்லாம் சிரிப்பு.

அதற்குள் வந்து சேர்ந்த மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சார், ஒரு பூச்சிக்கோசரம் வேலைய நிறுத்திக்கினு கீறீங்க?"

தோழி ஒரு புல்லைக் கிள்ளிக் கொடுத்து, மூடியின் ஓரத்தைத் தொடச் சொன்னாள். அவர் தொட்டார். மூடி திறந்தது; உள்ளிருந்த சிலந்தி புல்லை வெடுக்கென்று இழுத்தது. மேஸ்திரி துள்ளி விலகி, மணல் குவியலில் போய் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார்.

அப்படியானால் என் கார் என்ன ஆவது என்று கேட்டேன்.

"கார் எங்க வேணா நிக்கும். அது இந்த மண்ணுல மட்டும்தான இருக்குது" என்றாள் மனைவி.

காரைத் தெருவிலேயே நிறுத்திக்கொள்கிறேன் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். கேட்டிலிருந்து வாசல்வரை, அந்தத் திட்டைச் சுற்றி வளைத்து ஒரு நடைபாதை மட்டும் போட்டுக் கொடுத்தார் மேஸ்திரி.

அடுத்த மழைக்குப் பிறகு, பெரிய மூடியைச் சுற்றிக் கடுகளவில் புது மூடிகள் முளைத்திருந்தன. விஷயம் தெரிந்ததும் மேஸ்திரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் எங்கள் வாசலில் வரிசையாகக் குந்தி, கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.