ஆயுத பூஜையன்று கிளம்பாத டாக்சி

அரியலூரில் என் ஷெட்டுக்குள் ஒரு பெண்ணைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். எண்பதுகளின் தொடக்கம். அன்று ஆயுத பூஜை, காலை பதினோரு மணி இருக்கும். அவள் பெயர் அஞ்சலை. உடையார்பாளையம் பக்கத்து முந்திரிக் காட்டில் சுள்ளி பொறுக்கும்போது பாம்பு கடித்துவிட்டது. அரியலூரில் டாக்டர் ஊசி போட்டு, உடனே திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார். ஸ்டாண்டில் ஒரு டாக்சிகூட இல்லை. டிரைவர்கள் எல்லாரும் பூஜைக்கு வண்டியோடு வீட்டுக்குப் போயிருந்தார்கள். என் ஷெட்டில் ஒன்று நிற்பதாக யாரோ கைகாட்டியிருக்கிறார்கள்.

நின்றது டாக்சி டிரைவர் ராஜமாணிக்கத்தின் அம்பாசடர்; பூஜைக்கு அவனும் ஷெட்டிலேயே இருந்தான். முதல் நாள்தான் அதற்கு சர்வீஸ் முடித்திருந்தேன். ராஜமாணிக்கம் வண்டிக்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். செல்ப் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினான். பிடிக்கவில்லை.

"அண்ணே, நேத்து நல்லாத்தானே ஓடுச்சு!" என்றான்.

நான் யார் என்று இளம் மெக்கானிக்குகளுக்குச் சொல்லிவிடுகிறேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெரம்பலூர் லாரிப் பட்டறையில் கிரீஸ் துடைத்துத் தொழில் கற்று, முப்பது வயதில் அரியலூரில் சொந்த ஷெட் போட்டவன். வண்டி தெருமுனையில் வரும்போதே எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடுவேன். டிப்ளமோ படித்தவர்கள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்டார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத மாட்டேன். பெருமைதான், உண்மையும்கூட.

அதனால் எனக்கு அப்போது பதற்றமே இல்லை. "பெட்ரோல் ஏறலடா, கார்புரேட்டர்ல அடைப்பு" என்றேன். ஸ்பேனர் எடுக்கத் திரும்பினேன். என் டூல்ஸ் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் பூவோடு அடுக்கியிருந்தது.

"பூஜையில வெச்சத நாளைக்குத்தானே அண்ணே எடுக்கணும்?" என்றான் ராஜமாணிக்கம்.

"சாமி கோச்சுக்கிட்டா நான் பாத்துக்கிறேன், வுடு" என்று பூவைத் தள்ளிவிட்டு எடுத்தேன்.

கார்புரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றி, இன்ஜினில் இருக்கும் பெட்ரோல் பம்பின் கைப்பிடியை அடித்தேன். பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. பெட்ரோல் உள்ளே போகும் துளையான ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதி மாட்டினேன். செல்ப் சுற்றியது, அவ்வளவுதான். கண்ணெதிரே பத்து நிமிடம் போய்விட்டது.

கட்டில் பக்கம் திரும்பினேன். அஞ்சலையின் இமை தானாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. புருஷன் பெரியசாமி அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். "கண்ண மூடாத புள்ள, என்னையப் பாரு." பிறகு என்னிடம் பாய்ந்தார். "மெக்கானிக்குன்னு இம்மாம் பெரிய போர்டு போட்டிருக்கியேய்யா! ஒரு வண்டிய கெளப்பத் தெரியல? சொல்லு, மாட்டு வண்டியாச்சும் பாக்குறேன்!"

வாழ்க்கையில் என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அப்புறம்தான் ஒழுங்காக யோசித்தேன்.

ராஜமாணிக்கத்தை செல்ப் அடிக்கச் சொல்லி, பிளக் ஒயரைப் பிடுங்கி இன்ஜின் பக்கத்தில் பிடித்தேன். ஸ்பார்க் இல்லை. காயிலிலிருந்து, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் நடு ஒயரைப் பிடித்தேன். 'டப்'பென்று நீலமாக அடித்தது. காயில் வரைக்கும் கரண்ட் இருக்கிறது, பிளக்குக்குப் போகவில்லை. நடுவில் இருப்பது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஒன்றுதான். ஒயரைத் திரும்ப மாட்டி, "அடிடா செல்ப்ப" என்று குனிந்து பார்த்தேன்.

மூடியைச் சுற்றித் தடிமனாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். இன்னும் ஈரம் காயவில்லை. அந்த ஈரத்தின் மேல் பூரான் ஓடுவதுபோல் நெருப்பு நெளிந்து ஓடியது. கரண்ட் எல்லாம் அந்த வழியாக வண்டியின் பாடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

"யாருண்ணே இங்கல்லாம் சந்தனம் பூசினது?" என்றான் ராஜமாணிக்கம்.

"நான்தான்டா. காலையில."

முதல் நாள் இன்ஜினைக் கழுவி, காலையில் குளித்துவிட்டு வந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் என் கையாலேயே பொட்டு வைத்தேன். வண்டிக்கு உயிரே டிஸ்ட்ரிபியூட்டர்தான் என்று அதற்கு மட்டும் அள்ளி அப்பியிருந்தேன்.

கிளிப்பைக் கையால் தள்ளி மூடியைக் கழற்றினேன். ஸ்பேனரே தேவைப்படவில்லை. கட்டியிருந்த புது வேட்டியின் முனையால் உள்ளும் புறமும் ஈரம் போகத் துடைத்து மாட்டினேன். அரைச் சுற்றில் இன்ஜின் பிடித்தது. அஞ்சலையைப் பின் சீட்டில் கிடத்தினோம். வண்டி போன பிறகு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. சாயங்காலம் வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ராஜமாணிக்கம் திரும்பி வந்து, "மூச்சு இருக்குண்ணே, உள்ள சேத்துட்டாங்க" என்று சொன்னபோதுதான் தண்ணீர் குடித்தேன்.

ஒரு மாதம் கழித்துப் புருஷனும் பொண்டாட்டியும் ஒரு பை முந்திரிக் கொட்டையோடு வந்தார்கள். பெரியசாமி ஷெட்டில் இருந்தவர்களிடம், "இவரு இல்லன்னா என் பொண்டாட்டி இல்லீங்க" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பையை வாங்கக் கை போகவில்லை.

"வண்டி நின்னதே என்னாலதாம்மா. சந்தனம் பூசினது நான்" என்றேன்.

"தெரியும்ண்ணே. வழியிலேயே டிரைவரு சொல்லிட்டாரு" என்றாள் அஞ்சலை. "கண்ணத்தான் தெறக்க முடியல. நீங்க அடுத்தவன் மேல பழி போடாம நான்தான்னு சொன்னதும் என் காதுல வுழுந்துச்சு. வாங்கிக்கிங்க."

வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகும் ஆயுத பூஜை தவறாமல் போட்டேன்; சந்தனம் பம்பருக்கும் ஸ்டியரிங்குக்கும் மட்டும். வண்டி கிளம்பவில்லை என்று யார் வந்தாலும், "கடைசியா இதுல கை வெச்சது யாரு?" என்பதுதான் என் முதல் கேள்வி. "நீங்கதான்" என்று சொன்னால் வேறு எங்கும் தேட மாட்டேன். என் கை பட்ட இடத்தைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன்.