மஞ்சள் எழுத்து

மத்திகிரியில் குடியிருந்த பூபதி, ஓசூர்க் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருட ஃபிட்டர். பேரிங் மாட்டினால் கவரின் உள்பக்கம் மஞ்சள் பெயிண்டில் தேதியும் தன் பெயரும் எழுதாமல் மூடமாட்டார். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

2006இல் ஒரு மோட்டார் ஷாஃப்டில் பேரிங் லூசாகிச் சுற்றியது. வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் பேரிங் அது. தேவைப்படும்போது கழற்ற வரும் நடுத்தரப் பசையே போதும். பூபதிக்கோ வீம்பு. "இனி ஜென்மத்துக்கும் ஆடாது" என்று, இருப்பதிலேயே உறுதியாகப் பிடிக்கும் பசையைத் தடவி மாட்டிவிட்டார்.

மறுவருடம் இன்னொரு ஃபிட்டரான ராஜசேகர் அதைக் கழற்ற அரைநாள் மல்லுக்கட்டினான். பேரிங்கை இழுத்துக் கழற்றும் புல்லர் வழுக்கி விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. கேஸ் டார்ச்சில் சூடு காட்டிய பிறகுதான் பேரிங் அசைந்தது.

"யாருண்ணா இதப் போட்டது? திரும்பக் கழட்டணுமேன்ற நெனப்பே இல்லயே."

"தெரியலப்பா" என்றார் பூபதி.

ஓரமாகக் கவிழ்த்து வைத்திருந்த கவரைத் துடைக்க எடுத்துத் திருப்பினான் ராஜசேகர். உள்பக்கம் இருந்த தேதியையும் பெயரையும் வாசித்தான். பிறகு தின்னர் துணியால் மஞ்சள் எழுத்தை நிதானமாக அழித்தான்.

"புதுசுக்கு எந்தப் பசைன்னு நீங்களே எடுத்துக் குடுங்கண்ணா."

பூபதி நடுத்தரப் பசையை எடுத்துக் கொடுத்தார். மாட்டி முடித்ததும், ராஜசேகர் வழக்கம்போல மஞ்சள் பெயிண்டை அவரிடம் நீட்டினான்.

பூபதியின் கை எழவில்லை.