ரேஞ்ச் கிடைக்கும் வளைவு

வட்டவடையில் நான்கு நாள் போனை அணைத்துவிட்டு இருந்தேன். தபால்காரருக்குக் காத்திருந்த பள்ளி விடுமுறைகள் திரும்பக் கிடைத்த மாதிரி ஒரு சுகம். அந்தச் சுகத்தோடுதான் மூணாறுக்கு ஜீப் ஏறினேன்.

ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் மப்ளர், நரைத்த மீசை, காக்கிச் சட்டைப் பையில் ஒரு சீப்பு. போனுக்கு ரேஞ்ச் கிடைக்கும் வளைவு வந்ததும் வண்டியை நிறுத்தினார். அங்கே அது வழக்கம். என்னைத் தவிர எல்லோரும் போனை எடுத்தார்கள். அவர் மட்டும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பித் தலை வாரி, மீசையை நீவிவிட்டு, அப்புறம்தான் எடுத்தார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

“நெட் இல்லாம இருக்கறதே நிம்மதிண்ணே,” என்றேன்.

“நீங்களா அணைச்சா நிம்மதிதான் சார். எம்மக வடக்க நர்ஸா இருக்கா. அங்க ஏதோ கலவரம்னு கவர்மெண்டே நெட்டக் கட் பண்ணிருச்சு. பன்னெண்டு நாளாச்சு.”

“போன்ல பேசலாம்ல?”

“பேசுறா. ‘நல்லாருக்கேம்ப்பா’ங்கா. மூஞ்சியப் பாத்தாத்தான சார் தெரியும்?”

“அப்ப எதுக்குத் தலை வாருனீங்க?”

“திடீர்னு நெட்டு வந்துட்டா, வீடியோல கூப்புடுவால்ல? தல கலஞ்சு கெடந்தா, அப்பாவுக்கு முடியலையோன்னு பயந்துருவா.”

இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் போனை அணைத்து வைக்கிறேன். மகளின் முகத்தை அவர் எப்போது பார்த்தார் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அன்று என் போன் அணைந்தே கிடந்தது. அவருடைய நம்பரை நான் வாங்கவில்லை.