மரு என்று நினைத்தது

சூடாமணியை அவள் அத்தை மகன் ராஜாராமுக்குக் கட்டிவைத்தபோது யாரும் ஜாதகம்கூடப் பார்க்கவில்லை. சொந்த அத்தை வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு என்ன பொருத்தம் வேண்டிக்கிடக்கிறது? மதுரை மகாலுக்குப் பக்கத்தில் ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு சௌராஷ்டிர வீடுகள். கல்யாணத்துக்கு அவள் தெருவைக் கடந்தாள், அவ்வளவுதான். ராஜாராம் தாலுகா ஆபீஸில் கிளார்க். அவள் வீட்டிலேயே ரவிக்கை தைத்தாள்.

இரண்டு வீட்டிலும் பலருக்கு விரல் மூட்டுகளில் சின்னப் புடைப்புகள் உண்டு. குதிகாலுக்கு மேல் நரம்பு தடித்திருக்கும். எங்கள் வீட்டு முத்திரை என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். அந்த இரண்டு வீட்டு ஆண்கள் ஐம்பதைத் தாண்டுவது அபூர்வம் என்பதும் தெரிந்த சங்கதிதான். அதற்கு உழைப்பு, கவலை, கண்ணேறு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். புடைப்பையும் சாவையும் சேர்த்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சூடாமணியின் மூத்த மகன் பட்டாபிராமனுக்கு நாலு வயதிலேயே முழங்காலிலும் முழங்கையிலும் மஞ்சள் கட்டிகள் கிளம்பின. கொண்டைக்கடலை அளவு. பார்த்தவர்கள் எல்லாம் மரு என்றார்கள். மருவுக்கு நம் ஊர் வைத்தியம் கோயில் குளத்தில் இருக்கிறது. வெல்லத்தைத் தண்ணீரில் போட்டால், அது கரைகிற மாதிரி மருவும் கரைந்துவிடுமாம். வெள்ளிக்கிழமை தவறாமல் அவனைக் குளத்துக்கு அழைத்துப் போனாள். வெல்லத்தில் பாதி பையன் வாய்க்குள்தான் போகும். சாமி கோபிக்காது என்று அவளும் பார்த்தும் பாராமல் இருந்துவிடுவாள். மரு கரையவில்லை. எழுபத்து நாலில், பள்ளிக்கூட மாடிப்படி ஏறியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. பத்து வயது.

அதற்குப் பிறகு அவளைத் தாங்கிப் பிடித்தவர் எதிர்வீட்டு அண்ணன் நாகசுப்பிரமணியன். தினம் சாயங்காலம் வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவள் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் கிளம்புவார். பட்டாபிக்கு இரண்டு வயது இளைய கனகலட்சுமி தொட்டிலில் கிடந்தபோதே, இவள்தான் என் மருமகள் என்று சொல்லிவைத்தவர் அவர். சூடாமணிக்கும் அதில் பெருமைதான்.

எண்பத்து நாலில் ராஜாராமுக்கு நெஞ்சுவலி வந்தது. கோரிப்பாளையத்து டாக்டர் சாம்பசிவம் எப்படியோ பிழைக்கவைத்தார். விரல் மூட்டுகளைத் தடவிப் பார்த்தவர், குடும்பத்தில் வேறு யாருக்கு இப்படி என்று விசாரித்தார். அவள் ஒவ்வொருவராகச் சொல்லி, பட்டாபியின் கட்டிகளுக்கு வந்ததும் டாக்டர் முகம் மாறிவிட்டது. தாய்க்கும் மகளுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். இருவருக்கும் கொலஸ்ட்ரால் முந்நூறைத் தாண்டியிருந்தது.

அது மருவே இல்லை, கொழுப்பு என்றார். ரத்தத்தில் ஓடுகிற கொழுப்பை இழுத்துக்கொள்ளக் கல்லீரலில் வாசல்கள் உண்டு. அந்த வாசலை அமைக்கிற மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வருகிறது. ஒன்று பழுதென்றால் பாதி வாசல்தான் திறக்கும். நாற்பது, ஐம்பதில் நெஞ்சு மக்கர் பண்ணும். இரண்டுமே பழுதென்றால் வாசலே இல்லாத மாதிரிதான், பிள்ளை தங்குவது கஷ்டம், பட்டாபிக்கு நேர்ந்தது அதுதான். புருஷன் பெண்டாட்டி உங்கள் இருவருக்கும் ஒரே தாத்தாவிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்றவர், மகளைச் சொந்தத்தில் கொடுப்பதாக இருந்தால் முதலில் பையனுக்கு ரத்தம் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பிள்ளைக்கு எமனைக் கொடுத்தது பெற்றவர்களே என்றால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

தை பிறந்ததும் அண்ணன் தேங்காய், பழம், பூ, சேலை என்று தட்டோடு வந்துவிட்டார். அவர் மகன் பேங்கில் வேலை பார்க்கிறவன், தங்கமான பையன். அவனுக்கும் குதிகால் நரம்பு தடித்திருந்தது. ஒரே ஒருமுறை ரத்தம் பார்த்துவிடலாம் என்று சூடாமணி மெல்ல ஆரம்பித்தாள். அந்த வீட்டில் கொஞ்சல் எல்லாம் சௌராஷ்டிரத்தில், சண்டை மட்டும் தமிழில். அண்ணன் தமிழுக்குத் தாவினார்.

"சந்தையில மாடா பிடிக்க வந்திருக்க? எம் மகனையே சோதிச்சுப் பாக்கணுமோ?"

"அவனுக்கு மட்டுமாண்ணே? எனக்கும் இருக்கு, ஒன் வெரலப் பாரு, ஒனக்கும் இருக்கு. பட்டாபி அதுலதான் போனான்."

தட்டை எடுத்துக்கொள், இல்லையென்றால் இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்றார் அவர். சொன்னால் செய்கிறவர். அவள் தட்டைத் தொடவில்லை. அப்போது நாற்காலியில் சாய்ந்திருந்த ராஜாராம் கேட்டார்:

"அப்ப நாம கட்டிக்கிட்டதே தப்புங்கிறியா?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவர் மென்று விழுங்கிக்கொண்டிருந்த கேள்வி அது.

"தப்புன்னு சொல்லல. நமக்குத் தெரியல. இப்பத் தெரியும். தெரிஞ்சே இன்னொரு பிள்ளைய வாரிக் குடுக்க என்னால ஆகாதுங்க."

ராஜாராம் எழுந்து, கனத்தைத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும், தட்டைத் தானே எடுத்து மச்சான் கையில் கொடுத்தார். அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் தெருவைக் கடந்து போனார்.

அவர் கதவு சாத்துகிற சத்தம் இங்கே கேட்டது. கனகலட்சுமி அறையிலிருந்து வெளியே வந்தாள். மாமா மகன்மேல் அவளுக்கு ஆசை இருந்ததா இல்லையா என்று அன்றுவரை யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

"எனக்கும்தான அது இருக்கு. வெளிய யாருக்காச்சும் குடுக்கிறப்ப, சொல்லிக் குடுப்பியா, சொல்லாமக் குடுப்பியாம்மா?"

"சொல்லித்தான் குடுப்பேன்."

"சொன்னா யாரும்மா கட்டுவா?"

சூடாமணி மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.