ஸ்டெல்லா மேடம் கேட்காத கேள்வி

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். எங்கள் தெருவிளக்குப் பிரிவில் ஆறு பேர் இருந்தோம். ஏழாவது ஆளான கண்காணிப்பாளர் ஸ்டெல்லா மேடம் தூக்கத்திலேயே இறந்துவிட்டார் என்று விவேக் நகரிலிருந்து அவர் மகன் போன் செய்தார். அன்றே பொறுப்பு என் தலையில் வந்தது.

அவரை அறிந்த சக ஊழியர்களான உங்களிடம் நேராகவே கேட்கிறேன்: அவர் எப்படி வேலை வாங்கினார்? உதவிப் பொறியாளரான எனக்கு, பக்கத்து மேசையிலேயே இருந்தும் புரியவில்லை.

லைன்மேன் முருகேஷ் புகார்களைக் கிடப்பில் போடுவதில் பேர்போனவன். மெமோ கொடுக்கலாம் என்றேன். மேடம் அவனை அவன் குடியிருக்கும் ஸ்ரீராம்புரத்துக்கே போட்டார். எதிர்வீட்டம்மா பிடித்துக்கொண்டாராம்: "என்னா முருகேசு, ஊருக்கெல்லாம் லைட்டு போடுற, நம்ம சந்து மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு?" சீக்கிரமே அங்கே புகார் பாக்கியில்லை.

சரி, சொந்தத் தெருதான் சூத்திரம் என்று முடிவுகட்டினேன். இன்னொரு லைன்மேன் பாஸ்கரையும் அப்படியே அவன் பகுதிக்குப் போட்டோம். அவன் மாமனார் வாசலில் மட்டும் விளக்கு பிரமாதமாக எரிந்தது. மேடம் சிரித்துக்கொண்டே அவனை வேறு பகுதிக்கு மாற்றினார்.

"அப்போ ரூல்தான் என்ன மேடம்?"

"ரூல் ஒண்ணே போதும்னா நம்மள எதுக்குப்பா சம்பளம் கொடுத்து வச்சிருக்காங்க?"

நான் சும்மா சும்மா நிலவரம் கேட்பேன். அவர் வேலையைச் சொன்னதோடு சரி. மறுபடி கேட்டதே இல்லை. அலட்சியம் என்றே நினைத்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் மேலிடத்து உத்தரவு வந்தது. சொந்தப் பகுதியில் யாரும் இருக்கக் கூடாது, முருகேஷ் ஊருக்கு வெளியே இருக்கும் சந்தாபுராவுக்கு. என் கருத்து திங்கட்கிழமைக்குள் போக வேண்டும். அவனிடமே கேட்டேன்.

"தெருக்காரங்க திட்டுவாங்கன்னுதானே வேலை செஞ்ச?"

"திட்டு பழகிடும் சார். மேடம் கேக்கவே மாட்டாங்க பாருங்க, அதான் தாங்காது. நீங்க கேட்டா, 'ஆயித்து சார், முடிஞ்சுபோச்சு'னு சொல்லிட்டுப் போயிடலாம்."

அப்படியானால் என் கம்ப்யூட்டரில் 'முடிந்தது' என்று இருப்பதில் எது நிஜம்? அவனை வேலை செய்யவைத்தது தெருவா, மேடமா? தெருதான் என்றால் அவன் இங்கே இருக்க வேண்டும். மேடம்தான் என்றால், அவர் இல்லாத இப்போது எங்கே போட்டும் பயனில்லை. குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, திரும்பக் கேட்காத அந்தப் பழக்கத்தைத்தான். காரணம் விளங்காமலேயே.

இனி செய்யப்போவது:

1. முருகேஷை ஸ்ரீராம்புரத்திலேயே விடச்சொல்லி எழுதுவேன். காரணம் கேட்டால், 'முழுதாகத் தெரியவில்லை' என்றே எழுதுவேன்.
2. ஒரு வாரம் யாரிடமும் நிலவரம் கேட்கமாட்டேன்.
3. நாக்கு நமைத்தால் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவேன்.