மூக்கைத் தேடி வந்தவர்

தேயிலை ஆலையில் இலை பதமாகிவிட்டதா என்று முகர்ந்து சொல்வது என் வேலை. சுற்றிப் பார்க்க வந்த ஒருவர், அதைக் கேட்டதும் என்னைத் தன் உயரமான சொகுசு காரருகே அழைத்துப்போனார். சட்டை கசங்காத மனிதர். நிமிடத்துக்கொரு தரம் தன் விரல்களை முகர்ந்துகொண்டார்.

“பெட்ரோல் வாடை வருதா அண்ணே? மூணு தடவ ஒர்க்‌ஷாப்புல விட்டேன், ஒண்ணுமில்லங்கறாங்க. வீட்டுலயும் எனக்குத்தான் மூளை சரியில்லன்னு சொல்றாங்க.”

பின்சக்கரத்தருகே குனிந்தேன். “வருதுங்க. நல்லாவே வருது.”

அவர் முகம் தெளிந்தது. “அப்ப எனக்கு ஒண்ணுமில்ல லா,” என்று என் கையைக் குலுக்கினார். மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ரிங்லெட் மலைப்பாதை வளைவுகளில் இறங்கிப்போனார்.

அந்த நிம்மதியைப் பார்த்து நின்றதில், காரை எடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பத்திரமாக வீடு போனாரா என்று விசாரிக்க அவர் பெயர்கூடத் தெரியாது.