கடைசியா எப்போ பிரஷர் பார்த்தாங்க?

இரண்டு வருடங்களுக்கு முன், அடைமழை விட்ட ஒரு வெயில் நாளில் கோவளத்தில் நடந்தது இது. அப்போது நான் ஓர் ஆய்வு நிறுவனத்தில் களப்பணியாளர். கர்ப்பிணிகளுக்குப் போதுமான கவனிப்பு கிடைக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டு, டேப்லெட்டில் பதிவதுதான் வேலை. எத்தனை முறை செக்கப் போனார்கள், ரத்தம், சிறுநீர் பரிசோதித்தார்களா, சத்து மாத்திரை சாப்பிட்டார்களா என்று நீளும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். எனக்கும் அப்போது ஏழு மாதம்.

அன்று போனது மீன் விற்கும் ஒரு பெண்ணின் வீடு. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். அவளுக்கும் ஏழு மாதம். பாதிக் கேள்விக்குப் பதில் வராது என்று உள்ளே நுழையும்போதே முடிவு கட்டியிருந்தேன். அவளோ செக்கப் அட்டையை எடுத்து வைத்து, தேதி முதற்கொண்டு சொன்னாள். ஒரு மாதம்கூட விடவில்லை.

முடித்துக் கிளம்பும்போது செருப்பு காலில் நுழையவில்லை. அவள் உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, காலு வீங்கி கீது. உனுக்கு கடைசியா எப்போ பிரஷர் பாத்தாங்க?"

ஆயிரம் பேரிடம் நான் கேட்ட கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த வேலை முடியட்டும் என்று என் செக்கப்பை இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டிருந்தேன்.

"நிறைய நடக்கிறேன்ல, அதான்மா" என்றேன்.

"மூஞ்சியும் உப்பி கீதே. தலை வலிக்குதா?"

வலித்தது. வெயிலால் என்று நினைத்திருந்தேன். அவள் பேச்சை வளர்க்கவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு, ஆட்டோ பிடித்து, பக்கத்து சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனாள்.

நர்ஸ் ஒன்றுக்கு இரண்டு தடவை பிரஷர் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அதிலும் என்னோடு ஏறிக்கொண்டாள் அவள். தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து என் கணவர் வந்து சேரும்வரை என் கையை விடவில்லை. பிறகு, மாலை வியாபாரம் இருக்கிறது என்று பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

இன்னும் சில நாள் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார் டாக்டர். ஐந்து வாரம் மருந்தும் படுக்கையுமாக இருந்தேன். கொஞ்சம் முன்னதாகவே பிறந்தாலும் மகள் நல்ல ஆரோக்கியத்தோடு பிறந்தாள். கோவளத்தில் அந்தப் பெண்ணுக்கும் சுகப்பிரசவம்; போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இப்போது புதிதாகச் சேரும் பெண்களுக்கு நான்தான் பயிற்சி தருகிறேன். உடுப்பையும் படிப்பையும் பார்த்து யாருடைய பதிலையும் மனதுக்குள் முன்கூட்டியே எழுதிவிடக் கூடாது என்று நான் அவர்களிடம் அழுத்திச் சொல்வது, அன்று என் பதில் எனக்கே தெரியாமல் நின்றதால்தான்.